அத்தியாயம் 6: ஆங்கிலக் கவிதைக்கு மெட்டுக் கட்டுதல்

புத்தகத்தில் இருக்கும் கவிதையை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். புரியாத வரியில் நின்று யோசிக்கலாம், முந்தைய பக்கத்துக்குப் போகலாம், அகராதியைப் புரட்டலாம். அதே கவிதையை மேடையில் பாடும்போது கேட்பவருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. வரி வந்தது, போயிற்று, அவ்வளவுதான்.

கண்ணுக்கு நூறு வாய்ப்பு, காதுக்கு ஒன்றே ஒன்று. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் அத்தனையும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான். எந்தக் கவிதையை எடுப்பது, எந்தத் தாளத்தில் வைப்பது, எங்கே மூச்சு விடுவது, எந்தச் சரணத்தை விடுவது என்று தடுமாறும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'இந்தக் கவிதையை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறவருக்குச் சொல் போய்ச் சேருமா?'

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற வழக்கு நமக்குப் பழையது. ஆங்கிலத்திலும் அது உண்டு. ஸ்காட்லாந்தின் ராபர்ட் பர்ன்ஸ் நாட்டுப்புற மெட்டுகளைச் சேகரித்து, முனகி முனகி மனத்தில் ஏற்றிக்கொண்டு, அவற்றுக்கு வரி எழுதியவர். எலிசபெத் காலத்து மருத்துவர் தாமஸ் கேம்பியன் இரண்டையும் தானே செய்தார்; அவருடைய பாடல்கள் 1601-இல் அச்சேறின. இவர்கள் விட்டுச்சென்றவை ஏற்கெனவே பாட்டுகள். நாம் இங்கே பேசுவது மற்றதைப் பற்றி: படிப்பதற்காக எழுதப்பட்ட கவிதையைப் பாட்டாக்கும் வேலை. அதில் கவிஞர் முந்திக்கொண்டுவிட்டார், நாம் பின்னால் வருகிறோம். அந்த வரிசையை மறக்கக்கூடாது.

எந்தக் கவிதையை எடுப்பது?

முதல் முயற்சிக்கு மூன்று அடையாளங்களைப் பாருங்கள். கவிதை சிறியதாக இருக்க வேண்டும். வரிக்கு மூன்று அல்லது நான்கு அழுத்தம் இருக்க வேண்டும். வாக்கியம் வரியோடு முடிய வேண்டும்.

மூன்றையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு, கவிஞர் ஏட்ஸ் 1889-இல் வெளியிட்ட 'டௌன் பை தி சாலி கார்டன்ஸ்'. மொத்தம் இரண்டே சரணம். அயர்லாந்தின் ஸ்லைகோ வட்டாரத்தில் ஒரு மூதாட்டி அரைகுறை நினைவில் பாடிய வரிகளிலிருந்து கட்டியெழுப்பியது என்று ஏட்ஸே சொல்லியிருக்கிறார். 1909-இல் ஹெர்பர்ட் ஹியூஸ் ஒரு பழைய ஐரிஷ் மெட்டை அதோடு சேர்த்தார். இன்று அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

அடுத்த நிலைக்கு வில்லியம் பிளேக்கின் 'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' (1789), 'சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' (1794), ஏ. ஈ. ஹவுஸ்மனின் 'எ ஷ்ராப்ஷயர் லாட்' (1896), எமிலி டிக்கின்சன், கிறிஸ்டினா ரொசெட்டி. ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குள் வரும் பாட்டுகளும் நல்லவை. அவை பாடுவதற்கென்றே எழுதப்பட்டவை.

தொடக்கத்தில் தொடாமல் இருப்பது நல்லது என்று சில உண்டு. கீட்ஸின் நீண்ட 'ஓட்' வகைக் கவிதைகளில் ஒரு வாக்கியம் நான்கைந்து வரி ஓடும். எழுவாய் ஒரு மூலையில், பயனிலை இன்னொரு மூலையில். கண்ணால் படிக்கும்போதே விரல் வைத்துத் தேட வேண்டியதைக் காது எப்படிப் பிடிக்கும்? ஜான் டன்னின் சானெட்டுகளும் அப்படித்தான். இசைமேதை பெஞ்சமின் பிரிட்டன் 1945-இல் அவற்றுக்கு இசையமைத்தார் என்பது உண்மை. அவர் பிரிட்டன், நாம் இப்போதுதான் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறோம்.

பென்சிலை எடுங்கள்: அழுத்தம் குறித்தல்

வாத்தியத்தைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான்.

நம் யாப்பு குறில் நெடிலைப் பார்த்து நேர், நிரை என்று அசை பிரிக்கும். ஆங்கில யாப்பு அழுத்தத்தைப் பார்க்கும். எந்த அசை நீளம் என்பதைவிட எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பதே அங்கே கணக்கு. தமிழ்ச் சொல்லில் அழுத்தம் இடம் மாறினாலும் பொருள் கெடாது; ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் தப்பினால் சொல்லே அடையாளம் தெரியாமல் போகும்.

வாத்தியங்களின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கிட்டார்' என்பதில் ஆங்கிலேயரின் அழுத்தம் இரண்டாம் அசையில். 'பியானோ'வில் நடு அசையில். 'வயலின்' என்பதில் கடைசி அசையில். நாம் மூன்றையும் சமமாகத் தட்டிச் சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சில் அது ஓடிவிடும். பாட்டிலோ தட்டு விழும் அசை தானாகவே ஓங்கிவிடும் என்பதால், தவறான அசையில் தட்டு விழுந்தால் தவறு ஒலிபெருக்கி வைத்துச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

செய்முறை இது:

1. கவிதையைக் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.
2. அகராதியில் அழுத்தக்குறி பார்த்து, இரண்டோ அதற்கு மேலோ அசை உள்ள ஒவ்வொரு சொல்லிலும் ஓங்கும் அசையின் தலையில் ஒரு கோடு போடுங்கள்.
3. ஓரசைச் சொற்களில் பெயர், வினை, அடைமொழி ஆகியவற்றுக்குக் கோடு. 'தி', 'ஆஃப்', 'அண்ட்' போன்ற ஒட்டுச் சொற்களுக்கு வேண்டாம்.
4. மேசையில் தட்டியபடி ஐந்து முறை சத்தமாகப் படியுங்கள். கோடும் தட்டும் ஒன்றாக விழுகின்றனவா என்று பாருங்கள்.
5. விழாத இடங்களை வட்டமிடுங்கள். அங்கேதான் கவிஞர் வேண்டுமென்றே எதையோ செய்திருப்பார்.

பழைய கவிதைகளில் சொல்லின் நடுவில் ஓர் ஒற்றை மேற்கோள்குறி போட்டு எழுத்தை விழுங்கியிருப்பார்கள். 'ஓவர்' என்பது 'ஓர்' என்று ஒரே அசையாகச் சுருங்கும். அதை விரித்துப் பாடினால் தாளம் தப்பும். அதேபோல் அன்று இயைபாக ஒலித்த சில ஜோடிச் சொற்கள் இன்று இயைவதில்லை. இயைபுக்காகப் பழைய உச்சரிப்பைத் தேடிப் போகாதீர்கள், கேட்பவர் குழம்புவார். இன்றைய உச்சரிப்பிலேயே பாடுங்கள்.

தாளத்தில் உட்காரவைத்தல்

பிளேக்கின் 'தி டைகர்' கவிதையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வருவதைச் செய்து பாருங்கள். ஆறு சரணம், சரணத்துக்கு நான்கு வரி, வரிக்கு நான்கு அழுத்தம். பெரும்பாலான வரிகளில் ஏழு அசை. முதல் அசையே ஓங்கும், கடைசி அசையும் ஓங்கும்.

ஆதி தாளத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு அழுத்தம் என்று வையுங்கள். ஓங்கும் அசை தட்டில், ஓங்காத அசை அடுத்த அரைத்தட்டில். இரண்டு வரிக்கு ஓர் ஆவர்த்தனம், ஒரு சரணத்துக்கு இரண்டு. ஏழாவது அசை நான்காம் எண்ணிக்கையின் முதல் பாதியில் முடிந்துவிடுவதால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அரைத்தட்டு காலியாக நிற்கும். பாடுகிறவர் மூச்சு விடும் இடம் அது.

இனி முதல் சரணத்தின் நான்காம் வரியைப் பாருங்கள். அதில் எட்டு அசை. ஓங்காத ஓர் அசை முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எங்கே உட்காரும்? மூன்றாம் வரியின் கடைசியில் காலியாக இருந்த அந்த அரைத்தட்டில். அதாவது மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையில் மூச்சு விட இடமில்லை. பொருளைப் பார்த்தாலும் அந்த இரண்டு வரியும் ஒரே வாக்கியம். யாப்பும் பொருளும் சேர்ந்து 'இங்கே நிற்காதே' என்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசிச் சரணம் முதல் சரணத்தின் மறுபதிப்பு. ஒரே ஒரு சொல் மட்டும் மாறும். 'படைக்க இயலுமா' என்ற கேள்வி 'படைக்கத் துணிவானா' என்று ஆகிறது. அந்தச் சொல் இருப்பது எங்கே? அதே நான்காம் வரியின் முதல் அசையில், ஓங்காமல் அரைத்தட்டில் நழுவிப்போகும் இடத்தில். முதல் சரணத்துக்குப் போட்ட மெட்டையே கடைசிக்கும் போட்டால் கவிதையின் முடிவை மெட்டு விழுங்கிவிடும். கடைசி முறை அந்தச் சொல்லுக்கு முன் தாளத்தை ஒரு கணம் நிறுத்தி, அதைத் தட்டின்மேல் வையுங்கள். மெட்டுக் கட்டுகிறவர் கவிதையைப் படித்திருக்கிறாரா என்று தெரிவது இந்த மாதிரி ஒரு சொல்லில்தான்.

வேகத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 24 வரி, வரிக்கு 4 எண்ணிக்கை, மொத்தம் 96. நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் பாட்டு மட்டும் 72 விநாடி. முன்னிசை, இரண்டு இடையிசை, முடிப்பு எல்லாம் சேர்த்தால் இரண்டரை நிமிடத்தில் முடியும். மேடையில் அது சரியான அளவு.

மற்ற யாப்புகளுக்குச் சுருக்கமாக:

* ஓங்காத அசையில் தொடங்கும் வரிகள்: ஆங்கிலத்தில் இவைதான் அதிகம். முதல் அசையைத் தட்டுக்கு முன்னால் எடுங்கள்; நம் அதீத எடுப்பு போல.
* நான்கு, மூன்று, நான்கு, மூன்று என்று அழுத்தம் வரும் கதைப்பாட்டு யாப்பு: மூன்று அழுத்த வரியிலும் நான்கு எண்ணிக்கை விடுங்கள். நான்காவது மௌனம், அல்லது வாத்தியத்தின் பதில்.
* ஐந்து அழுத்த வரிகள்: கண்ட சாபு பொருத்தம்போலத் தோன்றும். ஆனால் மூச்சு விட இடமே இருக்காது. ஐந்தோடு ஒரு மௌனம் சேர்த்து ஆறாக்கி ரூபகத்தில் வைத்தால் பாடகர் பிழைப்பார்.

எல்லாக் கவிதையும் இப்படி அளந்து வைத்ததுபோல் இருக்காது. ரொசெட்டியின் 'இன் தி பிளீக் மிட்வின்டர்' கவிதையில் சரணத்துக்குச் சரணம் அசை எண்ணிக்கை கூடும், குறையும். 1906-இல் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் அதற்கு மெட்டமைத்தார். அசை கூடும் இடத்தில் ஒரு தட்டை இரண்டாக உடைத்தும், குறையும் இடத்தில் சேர்த்தும் பாடுகிறார்கள். அழுத்தம் தட்டை விட்டு நகராதவரை இடையில் எத்தனை அசை நுழைந்தாலும் மெட்டு தாங்கும்.

ஒரே மெட்டா, சரணத்துக்கு ஒரு மெட்டா?

எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு என்றால் கேட்பவர் இரண்டாம் சரணத்திலேயே மெட்டைப் பிடித்துக்கொள்வார். பிறகு அவர் கவனம் முழுவதும் சொல்லுக்குப் போகும். காதுக்கு இது பெரிய உதவி. ஆறாவது முறை வரும்போது மட்டும் சலிப்புத் தட்டும். சரணத்துக்கு ஒரு மெட்டு என்றால் சலிப்பு வராது, ஆனால் மனத்திலும் தங்காது.

இரண்டுக்கும் நடுவில் நல்ல வழிகள் உண்டு. இரண்டு பழைய பாடல்களைப் பாருங்கள்.

பிளேக்கின் 'ஜெருசலேம்' 16 வரி, நான்கு சரணம். 1916-இல் ஹியூபர்ட் பாரி அதற்கு மெட்டமைத்தபோது இரண்டிரண்டு சரணங்களை ஒன்றாகக் கட்டி ஒரே நீண்ட மெட்டாக்கினார். ஆகவே மெட்டு திரும்புவது ஒரே ஒரு முறை. சிறு சரணங்கள் நிறைய இருந்தால் இந்தக் கட்டுமானத்தை நீங்களும் கையாளலாம்.

இன்னொன்று, ஹவுஸ்மனின் 'இஸ் மை டீம் பிளவ்விங்'. இறந்துபோன இளைஞன் கேட்கிறான், உயிரோடிருக்கும் நண்பன் பதில் சொல்கிறான். எட்டுச் சரணமும் இப்படி மாறி மாறி. ஜார்ஜ் பட்டர்வொர்த் 1911-இல் வெளியான தன் மெட்டில், இறந்தவனுக்கு மெலிந்த குரலும் இறங்கி வரும் சுருதிக் கோவைகளும் கொடுத்தார். நண்பனுக்கு ஓங்கிய, வேகமான குரல். யார் பேசுவது என்று கவிதையில் கண் பார்த்துக்கொள்ளும். மேடையில் அதை இசைதான் சொல்லியாக வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து, 1916 ஆகஸ்டில், பட்டர்வொர்த் முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் இறந்தார், வயது 31. அந்தப் பாட்டைக் கேட்கும் எவருக்கும் இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

எந்த வகை இசை என்பதில் கட்டுப்பாடு ஏதும் வேண்டாம். 1962, 63-இல் இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் பிளேக்கின் பாடல்களுக்குத் தானே மெட்டுக் கட்டி 1970-இல் இசைத்தட்டாக வெளியிட்டார். மேடைகளில் நம்மூர் ஆர்மோனியத்தோடு பாடினார். அதே கவிதைகளுக்கு வில்லியம் போல்கம் பெரும் வாத்தியக் குழு, பாடற்குழு, ராக், ரெகே எல்லாம் கலந்து இசையமைத்தார். அது 1984-இல் அரங்கேறியது. கவிதை இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

இழுக்கும் எழுத்து, ஏறும் சுரம்

அழுத்தம் சரி, தாளம் சரி. இருந்தும் சொல் புரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கும்.

* உச்ச சுரத்தை 'ஆ', 'ஓ' ஒலிகளில் வையுங்கள். மேல் ஸ்தாயியில் 'ஈ', 'ஊ' இரண்டும் தம் அடையாளத்தை இழந்துவிடும்.
* ஓங்காத அசையை இழுக்காதீர்கள். அங்கே கமகமும் வேண்டாம். நம் காதுக்கு இனிமையாக இருக்கும். ஆங்கிலச் சொல் அங்கே உடைந்துபோகும். கமகம் போட ஆசையிருந்தால் சரணக் கடைசியில் ஓங்கும் அசையில் போடுங்கள்.
* 'நைட்', 'லைட்' போன்ற சொற்களில் 'ஆ' பாகத்தில் நின்று, முடியும்போது மட்டும் 'ய்' தொடுங்கள்.
* மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உகரம் ஒட்டாதீர்கள். 'லைட்' என்பது 'லைட்டு' ஆனால் ஓர் அசை கூடி, கவிஞர் போட்ட கணக்கே கெடும்.
* பாடற்குழுவில் சகர ஒலியில் முடியும் சொல்லை எல்லோரும் ஒரே தட்டில் முடிக்க வேண்டும். இல்லையென்றால் பாம்பு சீறுவதுபோல் கேட்கும்.

வெட்டலாமா?

பட்டர்வொர்த்துக்கு முன்பே, 1909-இல், அதே ஹவுஸ்மன் கவிதைக்கு ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இசையமைத்தார். நடுவில் கால்பந்து பற்றி வரும் இரண்டு சரணங்களை எடுத்துவிட்டார். ஹவுஸ்மனுக்குக் கோபம். நான் அவர் இசையில் இரண்டு கட்டத்தை வெட்டினால் அவருக்கு எப்படியிருக்கும் என்ற பொருளில் எழுதினார். வான் வில்லியம்ஸ் அசையவில்லை. இசையமைப்பவருக்கு அந்த உரிமை உண்டு என்பது அவர் கட்சி.

என் தீர்ப்பு இது: சரணத்தை விடலாம், வரியை மாற்றக்கூடாது. விட்டால் நிகழ்ச்சித் தாளில் 'சில சரணங்கள்' என்று குறிப்பிட்டுவிடுங்கள். பாடகி லொரீனா மெக்கெனிட் 1991-இல் டென்னிசனின் 'தி லேடி ஆஃப் ஷலாட்' கவிதையைப் பாடியபோது சில சரணங்களை விட்டார்; அப்படியும் அது 11 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கதை அறுபடவில்லை. இன்னொரு வழியையும் பாருங்கள். கோல்ரிட்ஜின் 'ஏன்ஷியன்ட் மாரினர்' 600 வரிக்கு மேல். அயர்ன் மெய்டன் குழு 1984-இல் அதைத் தம் சொற்களில் சுருக்கிச் சொல்லி, மூல வரிகளை ஆங்காங்கே வைத்து, 13 நிமிடத்துக்கு மேற்பட்ட ராக் பாட்டாக்கியது. அதை மெட்டுக் கட்டியது என்பதைவிடக் கதை சொன்னது என்பதே சரி. அதுவும் நேர்மையான வழிதான், பெயரை அப்படியே சொல்லிச் செய்தால்.

திரும்பப் பாடுவது வேறு விஷயம். கவிஞர் எழுதாத இடத்தில் ஒரு வரியைப் பல்லவியாக்கித் திரும்பத் திரும்பப் பாடினால் கேட்பவர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். கவிதையின் மையமான வரியை எடுங்கள். அழகான வரியை எடுக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

உரிமை: மெட்டுக்கு முன்பே பாருங்கள்

அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், ராபர்ட் ஃப்ராஸ்டின் 1923-ஆம் ஆண்டுக் கவிதை ஒன்றுக்குப் பாடற்குழு இசை அமைத்தார். அனுமதி கிடைக்கவில்லை. இசை தயாராக இருந்தது, பாட வழியில்லை. நண்பர் சார்லஸ் ஆன்டனி சில்வெஸ்ட்ரி அதே யாப்பில் புதிய வரிகள் எழுதிக் கொடுத்து அந்த இசையைக் காப்பாற்றினார். 'ஸ்லீப்' என்ற பெயரில் உலகெங்கும் பாடப்படுவது அதுதான். மூலக் கவிதை 2019-இல்தான் அமெரிக்காவில் பொதுவுடைமையானது.

நினைவில் வைக்க வேண்டியவை:

* இந்தியாவில் கவிஞர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு, பிரிட்டனில் 70. பிளேக், டென்னிசன், ரொசெட்டி, ஹவுஸ்மன் (1936), ஏட்ஸ் (1939) எல்லோரையும் இரு நாட்டிலும் தயங்காமல் எடுக்கலாம். 1973-இல் இறந்த ஆடனை எடுக்க அனுமதி வேண்டும்.
* நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். 1965-இல் இறந்த டி. எஸ். எலியட்டின் கவிதைக்கு இங்கே 2025 கடைசியோடு காலம் முடிகிறது. பிரிட்டனில் 2035 வரை நீளும். இணையத்தில் ஏற்றினால் எல்லா நாட்டிலும் ஒலிக்கும் என்பதை மறக்காதீர்கள்.
* பதிப்பைக் கவனியுங்கள். டிக்கின்சன் இறந்தது 1886-இல்தான். ஆனால் 1955-இல் தாமஸ் ஜான்சன் செப்பம் செய்த பாடத்துக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் உரிமை கோருகிறது. 1890-களில் வந்த பழைய பதிப்புகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.
* பள்ளி, கல்லூரி நிகழ்ச்சியில் ஆசிரியரும் மாணவரும் நிகழ்த்தி, பார்வையாளரும் அவர்களாகவோ பெற்றோராகவோ மட்டுமே இருந்தால் இந்தியச் சட்டம் விலக்கு அளிக்கிறது. கட்டணச் சீட்டு வைத்து ஊரை அழைத்தால் அது வேறு கணக்கு.

மேடையில்

பாடும் முன் கவிதையைப் பற்றி இரண்டே வாக்கியம் பேசுங்கள்: யார் யாரிடம் பேசுகிறார்கள், என்ன நடந்திருக்கிறது. தமிழர் அவையில் தமிழிலேயே சொல்லுங்கள். கவிஞரின் பிறப்பு, பட்டம், பரிசு எதுவும் வேண்டாம். அவையில் எல்லோரும் ஆங்கிலம் அறிந்தவர்கள்தான் என்று நினைத்து இதை விட்டுவிடாதீர்கள். பாட்டில் கேட்கும் மொழி எவருக்குமே பாதி அந்நியம்தான்.

வரிகளை அச்சிட்டுக் கொடுப்பதாக இருந்தால் ஒரு பாட்டு ஒரே பக்கத்தில் முடியட்டும். நடுப்பாட்டில் இருநூறு பேர் தாள் புரட்டும் சத்தம் எந்த மிருதங்கத்தையும் தோற்கடிக்கும். அரங்க விளக்கை முழுவதும் அணைக்கவும் வேண்டாம். கொடுத்த தாளைப் பிறகு எப்படிப் படிப்பார்கள்?

வாத்தியம் குறைவாக இருக்கட்டும். ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, அல்லது ஒரு குழல் போதும். வான் வில்லியம்ஸ் தன் கடைசிக் காலத்தில் பத்துப் பிளேக் கவிதைகளுக்கு இசையமைத்தபோது குரலுக்குத் துணையாக வைத்தது ஒரே ஒரு ஓபோ; அவற்றில் மூன்றில் அதுவும் இல்லை. ஒலி சரிபார்க்கும்போது கவிதை தெரியாத ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். அவர் தாளில் விடுபட்ட இடங்களில் வாத்தியத்தைக் குறையுங்கள். குரலை ஏற்றுவது இரண்டாவது வழி.

வகுப்பறையில்

நாற்பது நிமிடப் பாடவேளை நான்கு போதும்.

முதல் வேளை: மெட்டே வேண்டாம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி நான்கு எண்ணிக்கை தட்டட்டும், மறுபாதி கவிதையைத் தட்டின்மேல் சொல்லட்டும். பிறகு மாற்றுங்கள். அழுத்தம் தானாக வந்து உட்காரும். இலக்கண விளக்கம் அடுத்த நாள் வரட்டும்.

இரண்டாம் வேளை: இரவல் மெட்டு. எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று அசை வரும் யாப்பில் எழுதிய எந்தக் கவிதையையும் அதே யாப்புக்கான எந்த மெட்டிலும் பாடலாம். டிக்கின்சனின் பல கவிதைகள் இந்த அளவு. 'அமேசிங் கிரேஸ்' மெட்டில் அவற்றைப் பாடச் சொல்லுங்கள். அந்தப் பாட்டே அப்படிச் சேர்ந்ததுதான்: வரிகள் 1779-இல் அச்சானவை, இன்றைய மெட்டு அவற்றோடு இணைந்தது 1835-இல். பாமாலை பாடிப் பழகிய பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் ஒரு மெட்டுக்குப் பல பாட்டு என்பதை அவர்களே மற்றவருக்கு விளக்கிவிடுவார்கள்.

மூன்றாம் வேளை: சொந்த மெட்டு. நான்கு பேர் கொண்ட குழுக்கள், குழுவுக்கு ஒரு சரணம், ஐந்து சுரம் மட்டும். மோகனத்தின் ஐந்து சுரங்கள் இதற்குக் கச்சிதம். எதைத் தொட்டாலும் அபசுரம் விழாது. பியானோவின் கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டினாலும் அதே வசதி.

நான்காம் வேளை: பாடிக் காட்டுதல். மற்ற குழுக்கள் குரலுக்கு மதிப்பெண் போட வேண்டாம். எந்தச் சொல் கேட்டது, எந்தச் சொல் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லட்டும்.

ஆங்கிலத்துக்கு அஞ்சும் பிள்ளைகள் நிறைய இருக்கும் வகுப்பா? லூயிஸ் கரோலின் 'ஜாபர்வாக்கி' (1871) கவிதையில் தொடங்குங்கள். பல சொற்கள் அவரே இட்டுக்கட்டியவை. ஆங்கிலேயப் பிள்ளைக்கும் அவற்றில் பெரும்பாலானவற்றின் பொருள் தெரியாது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவனும் படிக்காதவனும் ஒரே வரிசையில் நிற்கும் கவிதை அது. பொருள் பற்றிய பயம் போனதும் ஒலி காதில் விழத் தொடங்கும். சிறுவர்களுக்கு எட்வர்ட் லியரின் ஆந்தையும் பூனையும் வரும் கவிதை இன்னும் எளிது.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன்

உங்கள் மெட்டை ஒருமுறை பாடிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு, கவிதையைப் படித்திராத ஒருவருக்கு அதை ஒரே ஒரு முறை போட்டுக்காட்டி, கவிதை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பாட்டு நன்றாயிருக்கிறது என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மறுபடி வேலையைத் தொடங்குங்கள். புலியைப் படைத்தவன் எப்படிப்பட்டவன் என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்டால், மேடைக்கு நாள் குறியுங்கள்.